விளைவித்தவருக்கும் நியாய விலை

(உழவர்களுக்காக வானொலியில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று ஏதாவது சொல்லுவேன். இன்றைக்கு ஒரு சரித்திரக் கதை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ராஜா ராணி வருகிற கதை இல்லை. காப்பிக் கொட்டையின் கதை. "நம்ம காட்டிலே விளையாத காப்பிக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு பெரியவர், என் பேச்சைக் கேட்டு ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டார். மண் பரிசோதனை செய்தார். சொன்ன அளவுக்கு உரம் வைத்தார். நோய் வராமல் காப்பாற்றி அருமையான மகசூல் எடுத்தார். எனக்கு ரொம்பப் பெருமை. போட்டோ எடுத்து மேலிடத்துக்குக்கூட அனுப்பி வைத்தேன். ஆனால் அறுவடை சமயத்தில் விலை விழுந்துவிட்டது. அவர் பட்டறை போட்டுக் காத்திருந்தார். அடைமழை வந்து பட்டறையில் பாதி அழுகிப் போயிற்று. மீதியை மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டு போனார். எடையில் குறைந்தது கொஞ்சம். வண்டி வாடகை, சுமை கூலி, கமிஷன், கழிவு என்று போனது மீதம். கையில் நின்ற காசு களை எடுத்த கூலிக்கே கட்டவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க சார், விளைய வைக்கிறதுக்கு நீங்க ஆபீசர் இருக்கறீங்க. விலைக்கு எந்த ஆபீசருங்க?"

நான் விவசாயத்தில் பி.எஸ்சி. படித்தவன். மண்ணைப் பற்றிக் கேட்டாலும் பூச்சியைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்வேன். இந்தக் கேள்விக்கு என்னால் வாய் திறக்க முடியவில்லை. மோரைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு விவசாயி இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாரா, பதில் ஏதாவது கண்டிருக்கிறாரா என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். மெக்சிகோ நாட்டு மலைகளில் அப்படிச் சிலர் இருந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் நியாய விலை என்றதும் ரேஷன் கடைதான் ஞாபகம் வரும். அது வாங்குகிறவருக்கு நியாயமான விலை. விளைவித்தவருக்கும் நியாயமான விலை கிடைக்கவேண்டும் என்று ஏற்பட்ட வியாபார முறை ஒன்று இருக்கிறது. அதற்கு உலகத்தில் 'ஃபேர் டிரேட்' என்று பெயர். தமிழில் நியாய வாணிபம் என்று வைத்துக்கொள்வோம். அது எப்படிப் பிறந்தது என்பதுதான் இன்றைய கதை.

'வாங்க மாட்டோம்' என்றவர்கள்

முதலில் வாங்குகிறவர்கள் பக்கம் போவோம். 1791ஆம் வருஷம் இங்கிலாந்து நாட்டுப் பாராளுமன்றத்தில், ஆப்பிரிக்க ஜனங்களை அடிமைகளாகப் பிடித்து விற்கும் வியாபாரத்தை நிறுத்தவேண்டும் என்று வில்பர்ஃபோர்ஸ் என்பவர் கொண்டுவந்த மசோதா தோற்றுப் போயிற்று. அந்த அடிமைகள் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு வெட்டினார்கள். அந்தச் சர்க்கரை கப்பலேறி இங்கிலாந்து வீடுகளில் தேநீரில் கரைந்தது. சட்டம் செய்யாததை நாமே செய்வோம் என்று வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அடிமைச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அது வீடு வீடாகப் போயிற்று. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் அந்தச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று நிறுத்தினார்கள் என்று அக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் பெண்கள். ஆகவே இதில் முன்னால் நின்றவர்களும் பெண்களே. அவர்களுக்கு அன்று ஓட்டுரிமை கிடையாது. ஆனால் கடையில் எதை வாங்குவது, எதை விடுவது என்கிற உரிமை இருந்தது.

அடிமை வியாபாரம் 1807ல் சட்டப்படி நின்றது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ல் வந்து, 1834ல் அமலாகியது. கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! அதே 1834ஆம் வருஷத்திலிருந்து நம் நாட்டு ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். நம் தமிழ்ச் சீமையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். விலங்கு போயிற்று, ஒப்பந்தம் வந்தது. கூலி மட்டும் உயரவில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தப் பொருள் வேண்டாம்" என்று வாங்குகிறவர் சொல்வது பாதி வேலைதான். "விளைவித்தவருக்கு இன்ன விலை கொடுத்தால் வாங்குவேன்" என்று சொல்வது மறுபாதி. அந்த மறுபாதி வருவதற்கு இன்னும் நூற்றைம்பது வருஷம் ஆயிற்று.

ஜாவாவில் ஒரு அதிகாரி

இப்போது காப்பிக்கு வருவோம். இன்றைய இந்தோனேசியா அன்று டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே ஜாவா தீவில் 1830ஆம் வருஷம் வான் டென் போஷ் என்கிற கவர்னர் ஜெனரல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில், சர்க்காருக்கு வேண்டிய கரும்பையோ அவுரியையோ பயிரிட வேண்டும். மலையோரக் குடும்பங்கள் காப்பிச் செடி வைக்க வேண்டும். வாங்குவது சர்க்கார்தான், விலை வைப்பதும் சர்க்கார்தான். காகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று இருந்தாலும் நடைமுறையில் பல இடங்களில் அதற்கு மேலும் போயிற்று. நெல் விளைந்த பூமியும் நெல் நடவேண்டிய கைகளும் வேறு வேலைக்குப் போனால் என்ன ஆகும்? 1840களில் மத்திய ஜாவாவில் பஞ்சம் வந்து ஜனங்கள் செத்தார்கள். அதே சமயத்தில் ஹாலந்து நாட்டுக் கஜானா நிரம்பியது.

1856ல் அந்தத் தீவின் லெபாக் என்கிற வட்டாரத்துக்கு எடுவார்ட் டவ்வெஸ் டெக்கர் என்று ஒரு டச்சு அதிகாரி வந்தார். உள்ளூர் தலைவர்கள் குடியானவர்களிடம் மாட்டையும் உழைப்பையும் பறிப்பதைப் பார்த்து மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அவர் பக்கம் நிற்கவில்லை. வேலையை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பினார். பிழைப்புக்கு வழியில்லாமல் அலைந்துகொண்டிருந்தவர் எழுதிய ஒரு நாவல் 1860ல் வெளிவந்தது. புனைபெயர் முல்தாதுலி, நாவலின் பெயர் 'மாக்ஸ் ஹாவெலார்'. 'நீங்கள் குடிக்கிற காப்பி எப்படி விளைந்தது தெரியுமா?' என்று டச்சுக்காரர்களின் முகத்துக்கு நேரே கேட்ட புத்தகம் அது. கட்டாயச் சாகுபடி முறையின் பெரும்பகுதி 1870க்குப் பிறகு மெதுவாகக் கைவிடப்பட்டது. புத்தகம் மட்டும் மறக்கப்படவில்லை. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

ஒரு அதிகாரி என்கிற முறையில் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மேலிடத்துக்கு நான் அனுப்பியது மகசூலின் போட்டோ மட்டும்தானே!

மெக்சிகோ மலையில்

மெக்சிகோ நாட்டின் தெற்கே வஹாக்கா என்று ஒரு மாநிலம். அங்கே மலைச்சரிவுகளில் சபோடெக் முதலான பழங்குடி மக்கள் மர நிழலில் காப்பி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு நாலைந்து ஏக்கர், மிஞ்சிப் போனால் பத்து ஏக்கர். பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, கழுவி, களத்தில் காயப்போட்டு மூட்டை பிடிப்பார்கள். அதுவரைக்கும் எல்லாம் அவர்கள் கையில். அதற்கு மேல் ரோடு இல்லை, லாரி இல்லை, விலை என்ன என்று கேட்க ஆள் இல்லை. வருகிற வியாபாரி சொன்னதே விலை, அவன் தராசு காட்டியதே எடை. அறுவடைக்கு முன்னால் மக்காச்சோளத்துக்கும் மருந்துக்கும் கடன் கொடுத்தவனும் பெரும்பாலும் அவனே. கடன்பட்டவன் பேரம் பேச முடியுமா? அந்த வியாபாரிகளுக்கு அந்த ஜனங்கள் வைத்த பெயர் 'கொயோட்டே'. அது அந்த நாட்டில் திரிகிற ஒரு நரிச் சாதி.

1980ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த மலைக்கு ஃபிரான்ஸ் வான் டெர் ஹாஃப் என்று ஒரு டச்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். அவரும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உபதேசம் செய்ததைவிட, மண்வெட்டி எடுத்துக் காப்பிக்காட்டில் வேலை செய்ததுதான் அதிகம் என்று சொல்வார்கள். ஊர் ஜனங்களோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். நம்மிடம் என்ன விலைக்கு எடுக்கிறான்? துறைமுகத்தில் என்ன விலைக்குப் போகிறது? வெளிநாட்டில் என்ன விலை? இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, தாங்கள் ஏழைகளாய் இருப்பதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, தலையெழுத்தும் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்தது.

பல கிராமங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் நீளமான பெயர், சுருக்கமாக 'யூசிரி'. இஸ்த்மோ வட்டாரப் பழங்குடிச் சமூகங்களின் சங்கம் என்று அர்த்தம். சொந்தத் தராசில் எடை போட்டு, மூட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, கொயோட்டேயைத் தாண்டி நேராக விற்க ஆரம்பித்தார்கள். சுலபமாக நடக்கவில்லை. வியாபாரிகள் விரோதம் கட்டினார்கள். மிரட்டலும் வந்தது, உயிர்ச்சேதமும் உண்டு. இருந்தாலும் சங்கம் நின்றது. கிடைத்த லாபத்தில் மலைக்குப் பஸ் விட்டார்கள். கத்தி, மண்வெட்டி விற்கும் கடை வைத்தார்கள். விவசாயம் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமும் கட்டினார்கள். ரசாயனம் போடாமல் பயிர் செய்து, அதற்கும் சான்று வாங்கினார்கள்.

'தர்மம் வேண்டாம், விலை கொடுங்கள்'

இதற்கு முன்னாலும் நல்ல மனம் படைத்தவர்கள் இருந்தார்கள். 1946ல் அமெரிக்காவில் எட்னா ரூத் பைலர் என்கிற அம்மாள், போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்கள் செய்த பூவேலைத் துணிகளை வாங்கி வந்து தன் காரிலேயே வைத்து விற்றார். 1968ல் நம் டில்லியில் நடந்த ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாட்டில், 'உதவி வேண்டாம், வியாபாரம் வேண்டும்' என்று ஏழை நாடுகள் குரல் எழுப்பின. அடுத்த வருஷமே ஹாலந்தில் இதற்கென்று தனிக்கடைகள் தோன்றின. 1973ல் குவாத்தமாலா கூட்டுறவுச் சங்கங்களின் காப்பியை அந்தக் கடைகளில் விற்றார்கள். ஆனால் எத்தனை பேர் அந்தச் சின்னக் கடைகளைத் தேடிப் போவார்கள்? ஊர் ஜனம் எல்லாம் பெரிய கடைக்கல்லவா போகிறது!

இதைத்தான் யூசிரி விவசாயிகளும் கேட்டார்கள். 1980களின் நடுவில் சாலிடாரிடாட் என்கிற டச்சு உதவி ஸ்தாபனத்தைச் சேர்ந்த நிகோ ரோசன், பாதிரியாரைச் சந்தித்தார். விவசாயிகளின் பேச்சு ஒன்றுதான்: உங்கள் நன்கொடைக்கு நன்றி, ஆனால் எங்கள் காப்பிக்கு நியாயமான விலை கொடுத்து அதிக மூட்டை வாங்கினால் நன்கொடையே வேண்டியிருக்காது.

அதிக மூட்டை விற்கவேண்டுமானால் பெரிய கடைக்குள் நுழைய வேண்டும். பெரிய காப்பிக் கம்பெனிகள் முன்வரவில்லை. சொந்தமாகக் காப்பித்தூள் கம்பெனி வைக்கலாமா என்று யோசித்தார்கள். கடைசியில் ஒரு எளிய வழி பிடிபட்டது. கம்பெனி வைக்க வேண்டாம். ஒரு முத்திரை வைப்போம். எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் வரட்டும். விவசாயிகளின் சங்கத்திடம் நிபந்தனைப்படி வாங்கியிருந்தால் பொட்டலத்தின்மேல் முத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும். நம் ஊரில் நெய் டின்னில் 'அக்மார்க்' பார்த்து வாங்குகிறோம் இல்லையா? அது சரக்கின் தரத்துக்குச் சான்று. இது விலை கொடுத்த விதத்துக்குச் சான்று.

முத்திரைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'மாக்ஸ் ஹாவெலார்'! ஜாவாக் குடியானவர்களுக்காக எழுதிய அதே நாவலின் பெயர். டச்சுக்காரர் ஒவ்வொருவருக்கும் பள்ளிப் பாடத்திலேயே தெரிந்த பெயர். கேட்டவுடனே விஷயம் விளங்கும். 1988 நவம்பர் 15ஆம் தேதி முத்திரை போட்ட முதல் பொட்டலத்தை ஹாலந்து இளவரசர் கிளாஸ் பெற்றுக்கொண்டார். முதலில் முன்வந்தவர்கள் சிறிய வறுவல்காரர்கள்தான். ஆனாலும் பெரிய கடைகளின் அலமாரியில் அந்தப் பொட்டலம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

விலை சரிந்தபோது

முத்திரை பிறந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, பெரிய இடி விழுந்தது. காப்பி விளைகிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் 1962ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டிருந்தன. எந்த நாடு எவ்வளவு விற்கலாம் என்று அளவு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். 1989 ஜூலையில் அந்தத் தாங்கல் முறிந்தது. எல்லோரும் கையிருப்பைச் சந்தையில் கொட்டினார்கள். சில மாதங்களில் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. 1992ல் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், 50 செண்டு அளவுக்கு வந்தது. மெக்சிகோவில் அரசாங்கத்தின் காப்பி நிறுவனமும் கொள்முதலை விட்டு விலகிக்கொண்டது. உலகம் முழுக்கக் காப்பி விவசாயிகள் செடியை வெட்டினார்கள், ஊரைவிட்டும் போனார்கள்.

அந்தச் சமயத்தில் முத்திரைக் காப்பிக்கு என்ன விலை? சங்கத்துக்கான நிதி 5 செண்டும் சேர்த்து ஒரு பவுண்டுக்கு 1 டாலர் 26 செண்டு. சந்தை விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! கூரையின் அருமை மழை நாளில்தானே தெரியும்?

இந்த முறை எப்படி ஓடுகிறது என்று இப்போது சொல்கிறேன். முக்கியமான நிபந்தனைகள் நாலு.

ஒன்று, அடிவிலை. சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே வாங்கக்கூடாது. சந்தை அடிவிலையைத் தாண்டினால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, விலைக்கு மேலே ஒரு சங்க நிதி. அதை எப்படிச் செலவழிப்பது என்று யாரும் தனியாக முடிவு செய்ய முடியாது. களம் கட்டுவதா, கிணறு வெட்டுவதா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதா என்று உறுப்பினர்கள் கூட்டம் போட்டு ஓட்டெடுத்துத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று, முன்பணம். சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை அறுவடைக்கு முன்னாலேயே கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கொயோட்டேயிடம் கடன் வாங்கினால்தானே அவன் பிடியில் விழ வேண்டும்!

நாலு, சங்கம் ஒழுங்காக இருக்க வேண்டும். கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. குழந்தைகளைக் கூலிக்கு வைக்கக்கூடாது. தடை செய்த பூச்சிமருந்து அடிக்கக்கூடாது. இதையெல்லாம் வெளியாள் வந்து பரிசோதிப்பார்.

ஹாலந்தில் பிறந்த முத்திரை பெல்ஜியம், ஜெர்மனி, இங்கிலாந்து என்று பரவியது. தேயிலை, கோகோ, வாழைப்பழம், பருத்தி என்று சரக்கும் பெருகியது. 1997ல் எல்லா நாட்டு அமைப்புகளும் ஜெர்மனியின் பான் நகரில் ஒரே குடையின்கீழ் வந்தன. 2002ல் பொது முத்திரை வந்தது. நம் நாட்டுக் கடைகளுக்காக இதற்கென்று 2013ல் ஒரு அமைப்பு ஏற்பட்டது.

குறையும் சொல்ல வேண்டும்

பெருமக்களே, நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் விதைக் கம்பெனி ஏஜெண்டு மாதிரி ஆகிவிடுவேன். குறைகளும் இருக்கின்றன.

முதல் குறை, அடிவிலை இருக்கிறது, வாங்குகிற ஆள் போதவில்லை. சான்று பெற்ற சங்கங்கள் பலவற்றுக்குத் தங்கள் காப்பியில் ஒரு பகுதியைத்தான் நியாய விலைக்கு விற்க முடிகிறது. மீதி சாதாரணச் சந்தைக்குத்தான் போகிறது.

இரண்டாவது, அடிவிலை பல வருஷம் அசையவே இல்லை. 2008 வரைக்கும் ஏறக்குறைய அதே நிலையில் நின்றது. அதற்குள் உரம், கூலி, அரிசி எல்லாம் எங்கேயோ போயாயிற்று. 2011ல் அதை 1 டாலர் 40 செண்டாகவும், சங்க நிதியை 20 செண்டாகவும் உயர்த்தினார்கள். 2023ல் அடிவிலை 1 டாலர் 80 செண்டாயிற்று. இதற்கிடையில் பரிசோதனைக் கட்டணத்தை விளைவிப்பவர்களும் கட்ட வேண்டும் என்று வந்தது, சிறு சங்கங்களுக்குப் பாரமாகப் போயிற்று.

மூன்றாவது, நம் சொந்தக் குறை. சந்தை விலை ஏறும்போது சில உறுப்பினர்கள் சங்கத்தை விட்டுவிட்டு ரெண்டு காசு கூடக் கொடுக்கிற வியாபாரியிடம் போய்விடுகிறார்கள். சங்கம் ஒப்புக்கொண்ட மூட்டையைக் கொடுக்க முடியாமல் தவிக்கிறது. வெளிநாட்டுக் குறை என்று நினைக்காதீர்கள். நம் பால் சங்கங்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

நாலாவது குறைதான் மனதைத் தைக்கிறது. எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் காப்பி, தேயிலை, பூ விளைகிற ஊர்களில் லண்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆய்வு செய்து 2014ல் அறிக்கை வெளியிட்டார்கள். முத்திரை பெற்ற சங்கங்கள் உள்ள இடங்களில் கூலியாட்களுக்கு மற்ற இடங்களைவிட நல்ல கூலி கிடைப்பதாகத் தெரியவில்லை என்று அதில் இருந்தது. அதாவது நியாயம் நிலக்காரர் வாசல்படி வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. முத்திரைக்காரர்கள் அந்த ஆய்வை மறுத்துப் பேசினார்கள். இருந்தாலும் கேள்வி கேள்விதான்.

பெரிய தோட்டங்களுக்கும் காப்பி முத்திரை கொடுக்கலாமா என்று ஒரு சண்டை வந்தது. அமெரிக்க அமைப்பு கொடுக்கலாம் என்று சொல்லி, 2011ஆம் வருஷக் கடைசியோடு உலக அமைப்பிலிருந்து பிரிந்து போயிற்று. லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிகளோ அதற்கு முன்பே, 2006ல், தங்களுக்கென்று தனியாக ஒரு சிறு உற்பத்தியாளர் முத்திரையை அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி!

நமக்கு இதில் என்ன?

இத்தனையும் எதற்குச் சொன்னேன்? இரண்டு காரணம். நாம் விற்கிறவர்கள், அதே சமயத்தில் வாங்குகிறவர்களும்கூட.

விற்கும்போது யூசிரிக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முதலில் முத்திரை தேடிப் போகவில்லை. முதலில் கணக்குப் போட்டார்கள். அடுத்துத் தராசு வாங்கினார்கள். அப்புறம் மூட்டையை ஒன்று சேர்த்தார்கள். முத்திரை கடைசியில்தான் வந்தது. நம் பக்கத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. 1999லிருந்து உழவர் சந்தை இருக்கிறது. கூட்டுறவுச் சங்கமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் இருக்கின்றன. அதில் சேர்ந்தால் மட்டும் போதாது; பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். கேள்வி கேட்காத சங்கம் மறைப்பில்லாத களம் மாதிரி, எந்தக் காற்றுக்கும் பறந்துவிடும்.

வாங்கும்போது என்ன செய்யலாம்? டீத்தூள், காப்பித்தூள், குழந்தைகளுக்கு வாங்குகிற சாக்லேட், பருத்தித் துணி, இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் நம்மைப் போல ஒருவர் இருக்கிறார். கருப்புப் பின்னணியில் நீலமும் பச்சையும் கலந்த வட்டச் சின்னம் இருந்தால் அது ஃபேர்டிரேட் முத்திரை. பொட்டலத்தில் வெறுமனே 'நேர்மையானது', 'விவசாயிகளின் நண்பன்' என்று அச்சடித்திருந்தால் நம்பிவிடாதீர்கள். யார் பரிசோதித்தார்கள், விளைவித்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, இயற்கை விவசாயச் சான்று வேறு, இது வேறு. அது எப்படி விளைந்தது என்று சொல்லும். என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்லாது. முத்திரைச் சரக்கு கொஞ்சம் விலை கூடுதலாகத்தான் இருக்கும். எல்லோராலும் எப்போதும் வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கூட்டுறவு அங்காடிச் சரக்கு, கைத்தறிச் சங்கத்துத் துண்டு, மகளிர் குழு அம்மாக்கள் அரைத்த மசாலா, இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாமே!

கடைசியாக ஒன்று. நம் காட்டில் களை எடுக்க வருகிற அம்மாவிடம் நாமும் ஒரு பொருளை வாங்குகிறோம். அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு அது. அங்கே விலை வைப்பது நாம்தான். மண்டிக்காரரிடம் நாம் கேட்கிற நியாயத்தை அந்த அம்மா நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? எத்தியோப்பிய ஆய்வு கேட்டதும் இதைத்தான்.

அந்த வெங்காயப் பெரியவரை மறுபடி போய்ப் பார்த்தேன். மெக்சிகோ கதை முழுவதையும் சொன்னேன். "விலைக்குன்னு தனி ஆபீசர் கிடையாதுங்க. நீங்க பத்துப் பேர் சேர்ந்தா, நீங்கதான் ஆபீசர்" என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். "அப்படின்னா மொதல்ல தராசு வாங்கோணுமுங்க" என்றார்.

பதினோரு பேர் சேர்ந்து ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கியிருக்கிறார்கள். களத்திலேயே எடை போட்டு, நோட்டில் எழுதி, ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். வெங்காய விலை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் எடையில் போனது நின்றிருக்கிறது. வண்டி வாடகை குறைந்திருக்கிறது. மூட்டைக்கு என்ன விலை என்று மண்டியிலிருந்து அவர்களுக்கு இப்போது முன்கூட்டியே போன் வருகிறது.

உங்கள் ஊரில் தராசு யாரிடம் இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.